அகன்ற ஏரி, குறுகிய வழி: 2020 பெருந்தொற்றில் அமெரிக்க மீன்பிடி ஏரிகள் ஏன் மூடப்பட்டன?

2020 மார்ச் 25 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மீன்வளம் மற்றும் வனவிலங்குத் துறை, மாநிலம் முழுவதிலும் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆளுநர் ஜே இன்ஸ்லி ஆணை பிறப்பித்து அப்போது இரண்டு நாள்களே ஆகியிருந்தன. நாட்டில் முதலாவதாக உறுதிசெய்யப்பட்ட கொரோனா நோயாளி அந்த மாநிலத்தில்தான் ஜனவரியில் கண்டறியப்பட்டிருந்தார். கிர்க்லண்ட் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் தொற்று பரவிப் பல உயிர்களைப் பறித்திருந்தது. அச்சத்துக்குப் போதிய காரணம் இருந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனாலும், ஏரியில் தூண்டில் போடுவதை ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. தூண்டில்காரர் திறந்த வெளியில், நல்ல காற்றோட்டத்தில், பெரும்பாலும் தனித்தே நிற்பவர். பக்கத்தில் ஆள் வந்து நிற்பதை அவர் தாமாகவே விரும்புவதில்லை. திரையரங்கையும் உணவகத்தையும் மூடுவதற்குச் சொல்லப்பட்ட நியாயம் இவருக்கு எப்படிப் பொருந்தும்? துறை சொன்ன விடை, படகு இறக்குதளங்களிலும் கரைகளிலும் கூட்டம் தொடர்கிறது என்பதாகும்.

ஏரியின் பரப்பை மட்டும் மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விடை பொருந்தாதது போலத் தோன்றும். பல நூறு ஏக்கர் நீர்ப்பரப்பில் ஐம்பது படகுகள் நின்றாலும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. ஆனால் அந்த ஐம்பது படகுகளும் ஒரே வழியாகத்தான் நீருக்குள் போயாக வேண்டும். ஒரே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். 2020 வசந்த காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் ஏரிகளைப் பற்றி எடுத்த முடிவுகள் அனைத்தையும், அவற்றில் சரியானவற்றையும் பிழையானவற்றையும், இந்த ஓர் உண்மையிலிருந்து புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து.

இங்கே பேசப்படுவது வாழ்வாதாரத்துக்கான மீன்பிடிப்பு அன்று. அமெரிக்காவில் மாநில அரசிடம் ஆண்டு உரிமம் வாங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற வரம்புக்குள், வீட்டுச் சமையலுக்காகவோ மீன் பிடிக்கும் இன்பத்துக்காகவோ தூண்டில் போடுவது மிகப் பரவலான வழக்கம். அங்குள்ள பல ஏரிகளில் நீந்தும் டிரவுட் மீன்கள் தாமாகப் பெருகியவையும் அல்ல. அரசின் மீன் பண்ணைகளில் வளர்த்து, தொட்டி பொருத்திய லாரிகளில் கொண்டுவந்து விடப்படுபவை. பென்சில்வேனியா என்ற ஒரு மாநிலமே ஆண்டுதோறும் ஏறத்தாழ 32 லட்சம் வளர்ந்த டிரவுட் மீன்களை ஓடைகளிலும் ஏரிகளிலும் விடுகிறது. விட்ட மீன்கள் பருவம் தொடங்குமுன் பிடிபடாமலிருக்க, ஒரு தொடக்க நாள் குறிக்கப்படுகிறது. வாஷிங்டனின் தாழ்நில ஏரிகளுக்கு அது ஏப்ரல் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை. கலிபோர்னியாவின் கிழக்கு சியரா மலைப்பகுதிக்கு ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை. மினசோட்டாவில் மே மாதத்தில் வரும் தொடக்க நாளுக்கு ஆளுநரே வந்து தூண்டில் போடுவது மரபு.

தமிழ்நாட்டில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படும் நாளில் துறைமுகம் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள், இந்தத் தொடக்க நாளின் பரபரப்பை எளிதில் ஊகித்துக்கொள்வார்கள். தாத்தா, பேரன், அண்டை வீட்டார் என்று மூன்று தலைமுறையினர் விடியுமுன் கரையில் கூடுவார்கள். பண்ணை மீன்களில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே பிடிபட்டுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே முந்தியவருக்கே மீன் என்ற எண்ணம் ஒவ்வொருவரையும் அந்த ஒரே காலைப் பொழுதை நோக்கித் தள்ளுகிறது. இயல்பான ஆண்டுகளில் இந்த நெரிசலை ஒரு குறையாக எவரும் எண்ணியதில்லை. அதுவே திருவிழாவாக இருந்தது. 2020இல், துறைகள் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த அதே திருவிழா அவற்றின் முன்னால் பெரும் சிக்கலாக வந்து நின்றது.

படகு இறக்குதளத்தைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் சிக்கலின் இயல்பு இன்னும் தெளிவாகும். அது கரையிலிருந்து நீருக்குள் சரிந்து இறங்கும் ஒரு கான்கிரீட் பாதை. சரிவு நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை இருக்கும். படகை ஏற்றிய ட்ரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னே கட்டிக்கொண்டு வருபவர், முதலில் மேட்டிலேயே ஓரமாக நிறுத்தி, கட்டுப்பட்டைகளை அவிழ்த்து, தூண்டில்களையும் மிதவை அங்கிகளையும் படகில் ஏற்றி, படகின் அடியிலுள்ள வடிகால் துளைக்கு மறக்காமல் அடைப்பு போட வேண்டும். பிறகு வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி ட்ரெய்லரை நீருக்குள் இறக்க வேண்டும். பின்னோக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் மறுபக்கம் திரும்பும். பழக்கம் இல்லாதவர் இரண்டு மூன்று முறை முன்னே போய்ப் பின்னே வருவார். படகு மிதந்ததும் ஒருவர் கயிற்றைப் பிடித்துப் பக்கத்திலுள்ள மிதவை மேடையில் கட்டுவார். மற்றவர் வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்ப நடந்து வருவார். கைதேர்ந்தவர்களுக்கு இது சில நிமிட வேலை. புதியவர்களுக்கு எளிதில் கால் மணி நேரம் ஆகிவிடும். அதுவரை பின்னால் உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள். பொறுமை இழந்தவர்கள் இறங்கிவந்து யோசனை சொல்வார்கள், கயிறு பிடிக்க உதவுவார்கள்.

அந்த மிதவை மேடை பல இடங்களில் ஆறடி அகலமே கொண்டது. அப்போது நாடெங்கும் சொல்லப்பட்ட இடைவெளியும் ஆறடிதான். மேடையில் எதிரெதிராக வரும் இருவர் அந்த இடைவெளியைக் காத்துக்கொண்டு ஒருவரையொருவர் கடக்க வழியே இல்லை. மேடைக்கு அப்பால் வண்டி நிறுத்துமிடம், கட்டணம் செலுத்தும் பெட்டி, ஒற்றைக் கழிப்பறை, புழு விற்கும் கடை, பெட்ரோல் நிலையம் என்று மனிதர்கள் கூடும் புள்ளிகள் தொடர்ந்து வருகின்றன. நீரின் மீது கழியும் ஆறு மணி நேரம் ஆபத்தற்றது. அதன் இரு முனைகளிலும் உள்ள அரைமணி நேரங்களே கவலைக்குரியவை.

இந்தக் கவலை எவ்வளவு நியாயமானது? திறந்த வெளியில் தொற்று பரவும் வாய்ப்பு குறைவு என்பதற்கான சான்றுகள் மிக விரைவிலேயே வரத் தொடங்கின. சீனாவில் பதிவான 7,324 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் வெளியான ஓர் ஆய்வில், வெளியிடத்தில் பரவியதாகக் கண்டறியப்பட்டது ஒரே ஒரு நிகழ்வு. அதில் தொடர்புடையவர்கள் இருவர். மற்ற தொற்றுக் கொத்துகள் அனைத்தும் வீடு, வாகனம் போன்ற மூடிய இடங்களில் ஏற்பட்டவை. ஆனால் மார்ச் நான்காம் வாரத்தில் இந்தச் சான்று அதிகாரிகளின் கையில் இல்லை. பொதுமக்கள் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்ற பரிந்துரையே அமெரிக்காவில் ஏப்ரல் 3 அன்றுதான் வந்தது. தெரியாத நோய் ஒன்று மருத்துவமனைகளை நிரப்பிக்கொண்டிருந்த வாரத்தில், நிரம்பி வழியும் இறக்குதளங்களைக் கண்ட ஓர் அதிகாரி மூடுவதே பாதுகாப்பு என்று முடிவு செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவு ஆறு வாரங்கள் மாற்றமின்றி நீடித்ததைப் பற்றித்தான் கேள்வி எழுப்ப வேண்டும்.

கூட்டம் ஏன் அவ்வளவு பெருகியது என்பதற்கும் பதில் வேண்டும். பள்ளிகள் மூடப்பட்டிருந்தன, பலருக்கு வேலை நின்றுபோயிருந்தது, விளையாட்டு, சினிமா, கடைவீதி எதுவும் இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த குடும்பங்களுக்குப் போக முடிந்த இடமாக எஞ்சியது திறந்த வெளிதான். அந்த நிலையில் ஒவ்வொரு நிர்வாகமும் தன் பங்குக்கு ஒரு பூங்காவை, ஒரு கரையை, ஒரு இறக்குதளத்தை மூடியபோது, அங்கே போயிருக்க வேண்டியவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. திறந்திருந்த அடுத்த இடத்துக்குப் போனார்கள். ஒரு மூடல் அடுத்த இடத்தின் நெரிசலுக்குக் காரணமாயிற்று; அந்த நெரிசல் அடுத்த மூடலுக்குக் காரணமாயிற்று. மாநில எல்லைகளும் இதைத் தடுக்கவில்லை. வாஷிங்டனின் அண்டை மாநிலமான ஓரிகன் தன் குடிமக்களுக்கு மீன்பிடிப்பைத் திறந்தே வைத்திருந்தது; ஆனால் வெளிமாநிலத்தவர் தேடி வருவது குறித்த கவலையால் ஏப்ரல் 10 முதல் அவர்களுக்கு மட்டும் தடை விதித்தது. இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் கொலம்பியா ஆற்றில், சால்மன் பிடிப்பை இரு மாநிலங்களும் சேர்ந்து முன்னதாகவே நிறுத்தியிருந்தன. ஒரே ஆற்றின் இரு கரைகளில் இருவேறு விதிகள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கலிபோர்னியாவின் கிழக்கு சியராவில் நடந்தது வேறு வகை. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் வடக்கே, 395ஆம் எண் நெடுஞ்சாலையில், மோனோ, இன்யோ என்ற இரண்டு மலைக் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) உள்ளன. அங்குள்ள க்ரவுலி ஏரி, லாஸ் ஏஞ்சலஸின் குடிநீருக்காக அந்நகரமே 1941இல் அணை கட்டி உருவாக்கியது. டிரவுட் தொடக்க நாளில் தென்கலிபோர்னியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்த ஏரிக்கும் சுற்றியுள்ள ஓடைகளுக்கும் வந்து குவிவது பல பத்தாண்டு வழக்கம். சிறிய ஊர்களின் விடுதிகளும் தூண்டில் கடைகளும் குளிர்காலத்துக்குப் பின் எதிர்பார்த்துக் காத்திருக்கும் முதல் வருமானம் அதுதான்.

அதே ஊர்கள்தான் 2020இல் வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. மோனோ கவுண்டியின் மக்கள்தொகை பதினான்காயிரத்துக்கும் குறைவு. மேமத் லேக்ஸ் ஊரின் மருத்துவமனையில் இருப்பவை 17 படுக்கைகள். பனிச்சறுக்குப் பருவத்தின் இறுதியில் வந்துபோன கூட்டத்தால் அங்கே தொற்று முன்பே நுழைந்திருந்தது. இங்கே ஆபத்து இறக்குதளத்தோடு முடியவில்லை. வருபவர் பெட்ரோல் போட வேண்டும், சாப்பிட வேண்டும், தங்க வேண்டும். நோயுற்றால் அந்தப் பதினேழு படுக்கைகளில் ஒன்றில் படுக்க வேண்டும். பெருநகரத்துக்கு நீர் தரும் ஊர், அதே பெருநகரத்தின் நோயையும் தாங்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சியதில் முழு நியாயம் இருந்தது.

உள்ளூர் நிர்வாகம் கேட்டுக்கொண்டால் அந்தப் பகுதியில் மட்டும் மீன்பிடிப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை மாநிலத் துறையின் இயக்குநருக்கு வழங்குவது பற்றி முடிவெடுக்க, கலிபோர்னியாவின் மீன் மற்றும் வேட்டை ஆணையம் ஏப்ரல் 9 அன்று தொலைபேசி வழிக் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. அதற்குள், மாநிலம் முழுவதும் மீன்பிடிப்பையே தடை செய்யப்போகிறார்கள் என்ற வதந்தி பரவிவிட்டது. கோபத்தோடு இணைப்பில் நுழைந்தவர்களின் கூச்சலால் கூட்டம் நடக்கவே முடியாமல் கலைந்தது. ஏப்ரல் 15 அன்று மீண்டும் கூடியபோது அதிகாரம் வழங்கப்பட்டது. மோனோ, இன்யோ, ஆல்பைன் ஆகிய மூன்று கவுண்டிகளில் டிரவுட் பருவம் மே மாத இறுதிவரை தள்ளிப்போனது. மற்ற பகுதிகளில் அது தொடர்ந்தது. எந்த ஊரால் கூட்டத்தைத் தாங்க முடியாதோ அந்த ஊரின் வேண்டுகோளின் பேரில் அந்த இடத்தை மட்டும் மூடிய இந்த அணுகுமுறை, மாநிலம் முழுவதையும் ஒரே ஆணையில் மூடியதைவிட நேர்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதை மக்களிடம் தெளிவாகச் சொல்வதற்குள் ஒரு வதந்தி முந்திக்கொண்டது.

சிறிய ஊர்களின் அச்சத்துக்கு நீண்ட நினைவும் ஒரு காரணமாக இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு முனையில் உள்ள நியா பே, சால்மன், ஹாலிபட் மீன்களுக்குப் பெயர்பெற்ற துறைமுகம். அது மக்கா பழங்குடியினரின் நிலம். 1850களின் தொடக்கத்தில் வெளியாரிடமிருந்து வந்த பெரியம்மை அந்த மக்களில் பெரும் பகுதியினரைக் கொன்று, ஊர்களை வெறுமையாக்கியது. 2020 மார்ச்சில் மக்கா பழங்குடி அரசு தன் எல்லையை வெளியாருக்கு மூடியது. மாநிலம் மீன்பிடிப்பைத் திறந்த பிறகும், அடுத்த கோடையிலும், தடுப்பூசி வந்த பிறகும் அது திறக்கவில்லை. 2022 மார்ச்சில்தான் வெளியார் மீண்டும் அங்கே படகு இறக்க முடிந்தது. மருத்துவ வசதி வெகு தொலைவில் இருக்கும் ஒரு சிறு சமூகம், தன் முதியவர்களைக் காப்பதற்காக இரண்டு ஆண்டு சுற்றுலா வருமானத்தை விட்டுக்கொடுத்தது. அந்த மூடலை வசதிக் குறைவாக மட்டும் பார்த்துப் பேசியவர்கள் இந்த வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும்.

இனி பென்சில்வேனியாவுக்கு வருவோம். என் பார்வையில் அந்த வசந்த காலத்தில் மிகச் சிந்தித்து எடுக்கப்பட்ட முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. வழக்கம்போல் அவ்வாண்டும் அம்மாநிலத்தில் தென்கிழக்குக் கவுண்டிகளுக்கு ஏப்ரல் 4, மற்றவற்றுக்கு ஏப்ரல் 18 என்று இரண்டு தொடக்க நாள்கள் திட்டமிடப்பட்டிருந்தன. பெருந்தொற்று வந்ததும் ஒரு கூட்டத்தை இன்னொரு பகுதிக்கு அனுப்பக் கூடாது என்பதற்காக இரண்டையும் சேர்த்து ஏப்ரல் 18 ஒன்றே என்று மாநில மீன்வள ஆணையம் மாற்றியது. ஆனால் ஒரே நாள் என்றால் அந்த ஒரே நாளில் மாநிலமே கரைகளில் கூடும். எனவே ஏப்ரல் 7, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அன்று காலை எட்டு மணி முதலே பருவம் தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். முன்கூட்டித் தெரியாததால் எவரும் விடுப்பு எடுக்கவில்லை. கூடாரம் போட்டுக் காத்திருக்கவில்லை. நெடுந்தூரம் பயணம் செய்யவில்லை. செய்தி காதில் விழுந்தவர்கள், முடிந்த நேரத்தில், வீட்டுக்கு அருகில் இருந்த ஓடைக்குப் போனார்கள்.

அதற்கு முன்பே அந்த ஆணையம் இன்னொன்றையும் செய்திருந்தது. எந்த நாளில் எந்த நீர்நிலையில் மீன் விடப்படும் என்ற அட்டவணையை வெளியிடுவதை நிறுத்தியது. வழக்கமாக வாளிகளோடு வந்து உதவும் தன்னார்வலர்களையும் வர வேண்டாம் என்றது. மீன் லாரியின் பின்னாலேயே வண்டிகள் அணிவகுத்துப் போவது டிரவுட் பருவத்தில் பழகிய காட்சி. அட்டவணை இல்லாமல் போனதும் அந்த அணிவகுப்புக்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று. ஒரு கரையைக்கூட மூடாமல், தகவலை நிறுத்துவதாலேயே கூட்டத்தைப் பல நாள்களுக்கும் பல இடங்களுக்கும் பரப்ப முடியும் என்பதை அந்த முடிவு காட்டியது. அரசு நிறுவனங்கள் தகவலை மறைப்பதைப் பொதுவாக நான் ஏற்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில், மறைக்கப்பட்டது என்ன, எதற்காக என்பது வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருந்ததால் அதை ஏற்க முடிகிறது.

மிச்சிகனில் ஆளுநர் கிரெச்சன் விட்மர் ஏப்ரல் 9 அன்று பிறப்பித்த ஆணை வேறொரு கோட்டைக் கிழித்தது. கரையிலிருந்து தூண்டில் போடலாம். கயாக், துடுப்புப் படகு ஆகியவற்றில் போகலாம். இயந்திரம் பொருத்திய படகு மட்டும் கூடாது. நீரின் மீது இயந்திரப் படகு துடுப்புப் படகைவிட எந்த வகையில் அதிகம் தொற்றைப் பரப்பும் என்று மக்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் பார்க்கத் தவறியது, படகுக்குப் பின்னால் இருக்கும் சங்கிலியை: இறக்குதளம், நிறுத்துமிடம், எரிபொருள், பழுதுபார்ப்பு, தொலைதூரப் பயணம். கயாக்கைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு எந்தக் கரையிலும் இறக்கிவிடலாம். காரணம் சரியாக இருந்தும், அது ஆணையின் வாசகத்தில் தெளிவாக வெளிப்படாததால், அந்த விதி கேலிக்கும் கோபத்துக்கும் உள்ளாயிற்று. ஏப்ரல் 24 அன்று, மாநிலத்தின் டிரவுட் தொடக்க நாளுக்கு முந்தைய நாள், அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

தெற்கே புளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டியில் மார்ச் இறுதிப் பகுதியிலேயே இறக்குதளங்களும் படகுத் துறைகளும் மூடப்பட்டன. அங்கே காரணம் மீன்பிடிப்பு அன்று. மணல்திட்டுகளில் படகுகளை ஒன்றோடொன்று கட்டி நடந்த கொண்டாட்டங்களே காரணம். ஏப்ரல் 29 அன்று திறந்தபோது, படகுகளுக்கிடையே ஐம்பது அடி இடைவெளி வேண்டும், படகுகளைச் சேர்த்துக் கட்டக் கூடாது என்ற விதிகள் வந்தன. தவறான நடத்தையைத் தடுக்கும் விதி முதலிலேயே வந்திருந்தால், அந்த ஐந்து வாரங்கள் தூண்டில்காரர்கள் தங்கள் பிழையன்றிக் கரையில் நின்றிருக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் மாநிலம் மே 5 அன்று ஏரிகளைத் திறந்தது. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைத் திருவிழாவைத் தவிர்த்து வாரநாளில் திறந்ததிலேயே துறை பாடம் கற்றிருந்தது தெரிந்தது. மூடியிருந்த வாரங்களில் பண்ணை மீன்கள் ஏரிகளில் விடப்பட்டுக்கொண்டுதான் இருந்தன, ஏனென்றால் அடுத்த ஆண்டுக்கான குஞ்சுகளுக்குத் தொட்டிகளில் இடம் வேண்டும். எனவே திறந்த நாளில் மீனுக்குப் பஞ்சமில்லை. அறிவுரைகள் இம்முறை இறக்குதளத்தை மையமாக வைத்து எழுதப்பட்டிருந்தன: வீட்டுக்கு அருகிலேயே பிடியுங்கள், ஒரே வீட்டில் வசிப்பவர்களோடு மட்டும் வாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு படகை மட்டும் இறக்குங்கள், வண்டிகளுக்கு நடுவே ஓர் இடம் விட்டு நிறுத்துங்கள், தேவையான பொருள்களை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். கடலோரச் சிற்றூர்களின் வேண்டுகோளை மதித்து அப்பகுதிக் கடல் மீன்பிடிப்பு மட்டும் மேலும் தள்ளிப்போனது; கடற்கரை ஹாலிபட் பருவம் ஆகஸ்டுக்குச் சென்றது. இந்த அறிவுரைகளில் எதுவும் மார்ச் இறுதியில் எழுத முடியாதது அன்று. ஏப்ரல் நடுவிலாவது, ஆள் குறைவான ஏரிகளை வாரநாள்களில் திறந்து பார்த்திருக்கலாம்.

அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தனியார் கரையும் சொந்தப் படகுத்துறையும் உள்ள வீடுகள் பெரிய ஏரிகளைச் சுற்றி ஏராளம். மீன்பிடிப்பு தடைப்பட்டிருந்தாலும் அந்த வீட்டாருக்கு நீர் மறுக்கப்படவில்லை. இறக்குதளமும் பொதுக்கரையும் மூடப்பட்டபோது முழுவதுமாக வெளியே நின்றவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள், படகில்லாதவர்கள், ஒரு வாளியும் மடக்கு நாற்காலியும் கொண்டுவந்து கரையில் அமர்பவர்கள். பிடித்த மீன் இரவு உணவாகும் குடும்பங்களும் அவர்களில் இருந்தன. பொது வழி என்பது சொத்தில்லாதவர்களின் ஒரே வழி. அதை மூடும் ஆணை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை.

அந்த வழிகளைக் கட்டிய பணமும் அவர்களுடையதே. 1950ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகள்மீது ஏற்கெனவே இருந்த 10 விழுக்காடு உற்பத்தி வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்கு ஒதுக்கியது. 1984இல் வந்த திருத்தம் படகு எரிபொருள் வரியையும் அந்த நிதியில் சேர்த்தது. தமக்குக் கிடைக்கும் பங்கில் குறைந்தது 15 விழுக்காட்டை மாநிலங்கள் படகுகளுக்கான வழி வசதிகளுக்குச் செலவிட வேண்டும். தூண்டில்காரர்கள் அன்று காட்டிய கோபத்தில் முரட்டுத்தனம் கலந்திருந்தது உண்மை. ஆயினும், தாங்கள் காசு கொடுத்துக் கட்டிய இடத்தில் கேட்காமலே பூட்டுப் போடப்பட்டது என்ற உணர்வு வெறும் பிடிவாதம் அன்று.

திறந்த பிறகு வந்த கூட்டம் எந்தத் துறையும் எதிர்பார்த்திராத அளவில் இருந்தது. 2020இல் அமெரிக்காவில் தூண்டில் போட்டவர்கள் 5 கோடியே 47 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டில் அது 5 கோடியே 1 லட்சம். புதியவர்கள் மட்டும் 44 லட்சம். முதன்முறையாகப் படகு வாங்கியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இயந்திரப் படகு விற்பனை 2008க்குப் பின் காணாத உயரத்தைத் தொட்டது. ட்ரெய்லரைப் பின்னோக்கத் தெரியாதவர்கள், வடிகால் அடைப்பை மறப்பவர்கள், யார் முதலில் இறக்க வேண்டும் என்ற வழக்கம் அறியாதவர்கள் ஆகியோர் ஒரே கோடையில் அதே எண்ணிக்கையிலான இறக்குதளங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன் விலையும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2019இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 613 பேர். 2020இல் 767 பேர். ஒரே ஆண்டில் 25 விழுக்காடு உயர்வு. இறந்தவர்களில் நான்கில் மூவர் நீரில் மூழ்கியவர்கள். மூழ்கியவர்களில் 86 விழுக்காட்டினர் மிதவை அங்கி அணிந்திருக்கவில்லை. இறக்குதளத்தில் தொற்றைக் கண்டு அஞ்சிய துறைகள், அதே இறக்குதளத்தில் ஒரு பணியாளரை நிறுத்தி இடைவெளியோடு மிதவை அங்கியையும் சரிபார்த்திருந்தால், இந்த எண்ணிக்கையில் சிலராவது குறைந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பெருந்தொற்று தணிந்ததும் கூட்டம் கலைந்துவிடும் என்ற எண்ணமும் பொய்த்தது. 2021இல் 5 கோடியே 24 லட்சமாகச் சற்றுக் குறைந்த எண்ணிக்கை, 2023இல் 5 கோடியே 77 லட்சத்தைத் தொட்டது. பென்சில்வேனியா, அந்த அவசர வசந்தத்தில் தற்காலிகமாகச் செய்த மாற்றத்தின் ஒரு பகுதியை நிலையாக்கிக்கொண்டது: 2021 முதல் அங்கே மாநிலம் முழுமைக்கும் ஒரே தொடக்க நாள்தான், அது ஏப்ரலின் முதல் சனிக்கிழமை. ஆனால் முன்னறிவிப்பில்லாத செவ்வாய்க்கிழமை திரும்பவில்லை. திருவிழாவை மக்கள் திரும்பக் கேட்டார்கள், துறையும் கொடுத்துவிட்டது. இறக்குதளங்களைப் பொறுத்தவரை, பல ஏரிகளில் 2020இல் இருந்த அதே ஒற்றைப் பாதையும் அதே ஆறடி மேடையும்தான் இன்றும் உள்ளன.